முதலாம் இடத்தில் ஒரு வாரம்

பிரித்தானியாவில் எந்த வீடியோ கேம் அதிகம் விற்கிறது என்ற பட்டியலை நான் முதன்முதலில் பார்த்தது லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில். அப்பா அங்கே கல்லாவில் வேலை செய்தார். திருகோணமலையிலிருந்து நாங்கள் வந்து அதிக காலம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணா என்னைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போவார். அம்மா தொழிற்சாலை வேலை முடிந்து வரும்வரை கல்லாவுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்திருப்போம்.

சொக்லேட்டுக்கும் கார் கண்ணாடி துடைக்கும் திரவத்துக்கும் நடுவே, தள்ளினால் சுழலும் கம்பித் தட்டு ஒன்று நின்றது. அதில் கேம் கசெட்டுகள் தொங்கின. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கேம் வாங்க அதற்கென்று ஒரு கடையைத் தேடிப் போகவேண்டியதில்லை. பத்திரிகைக் கடையில் வாங்கலாம், பெற்றோல் அடிக்கிற இடத்திலும் வாங்கலாம். தட்டின் உச்சியில் ஓர் அட்டை. எந்தக் கேம் இப்போது முதலாவது, எது இரண்டாவது என்று அதில் வரிசையாக இருக்கும். கசெட் கொண்டுவருகிற ஆள் பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகுவார்.

அண்ணா அதைப் பாடமாக்கினார். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகுதான் விளங்கியது: ஆங்கிலம் சரியாக வராத அந்த நாட்களில், வகுப்புப் பையன்களோடு பேச அவரிடம் இருந்த ஒரே விஷயம் அதுதான். முழு வசனம் தேவையில்லை. கேமின் பெயரும் ஓர் எண்ணும் சொன்னால் போதும், எதிரில் நிற்கிறவன் மிச்சத்தைப் பேசுவான்.

பிறகு அப்பா எங்கிருந்தோ யாரோ பாவித்த பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். ரப்பர் பொத்தான்கள் வைத்தது, எழுதுகிற கொப்பியின் அளவுதான் இருக்கும். அதைத் தொலைக்காட்சியோடும் கசெட் பிளேயரோடும் இணைக்கவேண்டும். கசெட்டைப் போட்டால் ஒரு கிறீச்சிடும் சத்தம் கிளம்பும். அந்தச் சத்தம் முடியும்வரை காத்திருந்தால்தான் கேம் வரும். சிலவேளை முடிகிற நேரத்தில் நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். அம்மா சமையலறை அலுமாரியில் சாமி படம் வைத்திருந்தார். அவர் விளக்கேற்றுகிற நேரமும் அண்ணா கசெட் போடுகிற நேரமும் எப்போதும் ஒன்றாகவே அமையும்.

"அதை நிப்பாட்டுறியோ, நான் வந்து நிப்பாட்டட்டோ?"

"இன்னும் கொஞ்சம்தான் அம்மா. இப்ப நிப்பாட்டினா எல்லாம் போயிடும்."

அப்போது நன்றாக விற்றவற்றில் உதைபந்தாட்டக் குழு ஒன்றை நிர்வகிக்கிற கேமும் இருந்தது. பந்து விளையாடுவதே இல்லை. ஆட்களின் பெயர்களும் எண்களும் மட்டும் திரையில் வரும். யாரை வாங்குவது, யாரை விற்பது என்று நாங்கள் முடிவு செய்யவேண்டும். நான் அதில்தான் ஆங்கிலம் வாசிக்கப் பழகினேன். காயம், ஒப்பந்தம், பதவி நீக்கம் போன்ற சொற்கள் எனக்கு மிகச் சிறிய வயதிலேயே தெரியும்.

அண்ணா உயர் படிப்பைத் தொடரவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வேலையை விட்ட பிறகு, கடைத்தெருவில் இருந்த கேம் கடை ஒன்றில் சேர்ந்தார். சனிக்கிழமை வேலையாகத் தொடங்கியது பிறகு முழுநேரமாயிற்று. பின்னர் அந்தக் கடையின் மனேஜரும் ஆனார். அங்கே அவருடைய முக்கியமான வேலைகளில் ஒன்று, திங்கட்கிழமை காலையில் அந்த வாரப் பட்டியலின்படி சுவர்த் தட்டை அடுக்குவது. மேலே இடதுபக்கம் முதலாவது, அதற்குப் பக்கத்தில் இரண்டாவது. கண்ணுக்கு நேரே இருப்பதைத்தான் சனம் எடுக்கும், எடுப்பதால் அடுத்த வாரமும் அது அங்கேயே இருக்கும் என்று அவர் சொல்வார்.

கசெட் போய் வீட்டுக் கேம் பெட்டிகள் வந்ததும், சீடி என்கிற இறுவட்டு வந்ததும், எல்லாவற்றையும் அவர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் பார்த்தார். ஆண்டுதோறும் வருகிற உதைபந்தாட்டக் கேம் இலையுதிர்காலத்தில் வந்து முதலாம் இடத்தைப் பிடிக்கும். அதை அசைக்க முடியாது. கிறிஸ்மஸ் நேரத்தில் துப்பாக்கிச் சண்டைக் கேம் அதோடு மல்லுக்கட்டும். ஒரு காலம், யாரும் எதிர்பாராதபடி, மூளைக்குப் பயிற்சி கொடுக்கிற கேமும், பலகையில் ஏறி நின்று உடற்பயிற்சி செய்கிற கேமும் மேலே வந்தன. வாழ்நாளில் கேம் கடைக்குள் கால் வைக்காத பெண்கள் அப்போது வரத்தொடங்கினார்கள். கோவிலில் அம்மாவுக்குத் தெரிந்த மாமிமார் அண்ணாவைத் தேடி வந்தார்கள்.

"தம்பி, அந்தப் பலகை இருக்கோ? ஏறி நிண்டா நிறை சொல்லுமாம்."

அந்தப் பலகை எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அம்மா அதில் ஒருதடவை ஏறினார். அது சொன்னதைக் கேட்டுவிட்டு இறங்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

நான் கணினி படித்தேன். படித்து முடித்து வேலை செய்துகொண்டிருந்தபோது என் கணவரைச் சந்தித்தேன். அவர் மன்னாரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர், கனடாவில், மொன்றியலில் ஒரு மருத்துவமனையில் நோயாளர் உதவியாளராக வேலை. லண்டனில் இருந்த தன் அக்காவைப் பார்க்க வந்தவர். திருமணம் தேவாலயத்தில் நடக்கவேண்டும் என்று அவருடைய வீட்டில் விரும்பினார்கள். எனக்கு அதில் மறுப்பு இல்லை. அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டுச் சரி என்றார். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அப்பாவின் இடத்தில் நிற்கவேண்டியவர் அண்ணாதான். அவர் நிற்கவில்லை.

சண்டை எதுவும் நடக்கவில்லை. "உன்ர விருப்பம்" என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். திருமண நாளன்று அவர் கடையைத் திறந்து வேலை செய்தார். தேவாலயத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் கடை இருந்தது. நான் மொன்றியலுக்கு வந்த பிறகு அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது, பின்னால் அவர் நடமாடுகிற சத்தம் கேட்கும். அம்மா அவரைக் கூப்பிடுவார். அவர் குளிக்கப் போய்விட்டதாக ஒரு பதில் வரும். சில காலத்துக்குப் பிறகு அம்மாவும் கூப்பிடுவதை விட்டார்.

மொன்றியலில் முதலில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். கணவரின் மருத்துவமனைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். எனக்குப் பிரெஞ்சு வராது. பொருத்தமான வேலைகளுக்கு விண்ணப்பித்துக் களைத்த பிறகு, டவுன்டவுனில் இருந்த கேம் தயாரிப்பு நிறுவனம் ஒன்று சோதனையாளர்கள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். கேம் சோதிப்பது என்றால் நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருக்கலாம் என்று கணவரின் நண்பர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரே கதவைப் பலவிதமாகத் திறந்து பார்க்கிற வேலை. ஓடிவந்து திறப்பது, பின்பக்கமாக நடந்துவந்து திறப்பது, திறக்கிற நேரத்தில் விளையாட்டை நிறுத்திப் பார்ப்பது. எங்கே உடைகிறதோ அதை எழுதிக் கொடுக்கவேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. சில வருடங்களில் சோதனைக் குழுவுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். மகள் பிறந்தாள். நகரின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினோம். நான் ரயிலில் வேலைக்குப் போய்வரத் தொடங்கினேன்.

நாங்கள் செய்த கேம்களில் பெரிதாகப் பேசப்பட்டது ஒன்றுதான். பனிக்காலத்தில் வடக்கே ஓடும் ஒரு ரயிலின் கதை. விளையாடுகிறவர்தான் சாரதி. வழியில் ஏறி இறங்குகிற பயணிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். துப்பாக்கி இல்லை, பந்து இல்லை. இது விற்குமா என்று எங்களுக்கே சந்தேகம்.

அது வெளிவந்த வாரம், எங்கள் தயாரிப்பாளர், மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்திலேயே பிறந்த, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, எல்லோரிடமும் இங்கிலாந்தைப் பற்றியே பேசினார். அமெரிக்க விற்பனைக் கணக்கு மாதத்துக்கு ஒருதடவைதான் வரும், இங்கிலாந்துக் கணக்கு வாரத்துக்கு ஒருதடவை வரும், அதைப் பார்த்தால் மற்ற இடங்களில் என்ன நடக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம் என்றார். எனக்கு அந்தப் பட்டியலைப் பற்றி யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 

திங்கட்கிழமை காலை ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. லண்டன் இலக்கம், ஆனால் அம்மாவுடையது இல்லை. அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நான்தான்" என்றார் அண்ணா.

"அம்மாக்கு என்ன?"

"அம்மாக்கு ஒண்டுமில்லை. வீட்டிலை சமைச்சுக்கொண்டு இருப்பா. உங்கட ரயில் முதலாவதா வந்திருக்கு. காலமைதான் தட்டிலை தூக்கி வைச்சனான்."

 பக்கத்தில் நின்றவர் தன் பையை நகர்த்தி எனக்குப் பிடித்துக்கொள்ள இடம் விட்டார்.

"அது நாங்கள் செய்தது எண்டு எப்பிடித் தெரியும் அண்ணா? அம்மாட்டையும் நான் பேர் சொல்லேல்லை."

"கேம் முடிய எல்லாற்ற பேரும் ஓடும்தானே. முடிச்சுப் பாத்தனான்."

அந்தக் கேமை முடிக்க, வேலைக்குப் போகிற ஒருவருக்குப் பல நாள் ஆகும். அது அவருக்குப் பிடித்த வகையும் இல்லை. கடைக்கு முன்கூட்டியே வந்த பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் விளையாடியிருக்கிறார். மொன்றியலில் செய்த கேம் எது வந்தாலும் அவர் கடைசிவரை விளையாடி, ஓடுகிற பெயர்களைப் பார்ப்பார் என்று அம்மா பிறகு சொன்னார். எத்தனை கேம் அப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

"உன்ர பேருக்குப் பின்னாலை அவற்ற பேர் போட்டிருக்கு" என்றார்.

"ஓம்."

கியூபெக்கில் திருமணமான பெண்கள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே இருப்பதுதான் சட்டம். நான் லண்டனிலேயே மாற்றிக்கொண்டு வந்ததால் அது அப்படியே நின்றுவிட்டது. இதை அவருக்கு அப்போது விளக்கலாமா என்று யோசித்தேன்.

"முதலிலை பிடிபடேல்லை. திருப்பிப் போட்டுப் பாத்தனான். சரி, கடையிலை ஆக்கள் நிக்கினம். பேந்து எடுக்கிறன்."

இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்தேன். அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தயாரிப்பாளர் என்னிடம் செய்தியைச் சொல்ல வாயைத் திறந்தபோது, தெரியும் என்றேன். எப்படி என்று கேட்டார். அண்ணா சொன்னார் என்றேன். அது என் வாயிலிருந்து வெகு சாதாரணமாக வந்தது எனக்கே புதுமையாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமையும் அதே நேரத்துக்கு எடுத்தார்.

"இறங்கிட்டுது. பந்து வந்திட்டுது."

"தெரியும்தானே அண்ணா. இது அதின்ர காலம்."

"ரெண்டாவதா நிக்குது. மோசமில்லை. ஆனா ஒரு விஷயம் சொல்லோணும். ஒரு மனுசி திருப்பிக் கொண்டந்து தந்திட்டுது."

அவர் சொன்னது இதுதான். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெண், அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர். பயணிகள் பேசுவது திரையின் கீழே எழுத்தில் வரும். அந்த எழுத்து அவருக்கு வாசிக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்தது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் பார்த்தும் சரிவரவில்லை. அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

"பட்டியலிலை வித்ததுதான் வரும். திரும்பி வந்தது வராது. நான் சொல்லாட்டி உங்களுக்கு ஆர் சொல்லப்போகினம்?"

நாங்கள் மேசையில், கண்ணுக்கு முன்னால் இருக்கிற திரையில் சோதிப்பவர்கள். வீட்டில் சனம் சோபாவில் உட்கார்ந்து, அறையின் மறுகோடியில் இருக்கிற தொலைக்காட்சியைப் பார்க்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் இதைப் பற்றி முன்பே குறிப்பிட்டிருந்தார். நேரம் போதாது என்று அது தள்ளிவைக்கப்பட்டது. அன்றைய கூட்டத்தில் நான் அதைத் திரும்ப எடுத்தேன். கூட்ட அறையில் இருந்த பெரிய தொலைக்காட்சியில் கேமைப் போட்டுவிட்டு, எல்லோரையும் எழுந்து சுவரோரம் போய் நிற்கச் சொன்னேன். தயாரிப்பாளர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிறகு கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.  எழுத்தைப் பெரிதாக்கும் வசதி அடுத்த திருத்தத்தில் சேர்ந்தது.

அண்ணாவே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் வந்து கேமை மறுபடி வாங்கிக்கொண்டு போனார்.

"இப்ப என்னவாம்?" என்று சில வாரம் கழித்துக் கேட்டேன்.

"வாசிக்கக்கூடிய மாதிரி இருக்காம். கதைதான் சரியில்லையாம்."

இப்படித்தான் எங்கள் பேச்சு திரும்பத் தொடங்கியது. திங்கட்கிழமைகளில், ரயில் நேரத்தில், ஒரு வாரத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று. என் கணவரைப் பற்றி அவர் கேட்கமாட்டார். நானும் வலியச் சொல்லமாட்டேன். மகளைப் பற்றி மட்டும் கேட்பார்: என்ன வகுப்பு, தமிழ் கதைக்கிறாளா. பிரெஞ்சுதான் முதலில் வருகிறது என்பேன். லண்டனிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்படித்தான், ஆங்கிலம்தான் என்பார்.

ஆனால் அந்தச் சுவர்த் தட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. ஆட்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் கேமை இறக்கிக்கொண்டார்கள். சில பெட்டிகளுக்குள் இறுவட்டே இருப்பதில்லை, ஓர் இலக்கம் அச்சிட்ட தாள்தான் இருக்கும். கேம் இருந்த இடத்தில் கோப்பைகள், பொம்மைகள், சட்டைகள் வந்தன. ஒரு திங்கட்கிழமை அவர் பட்டியலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கடையை மூடப்போகிறார்கள் என்றார். குரலில் மாற்றம் எதுவும் இல்லை.

"இனி என்ன செய்யப்போறீங்கள் அண்ணா?"

"பாப்பம். முதல்லை கொஞ்சம் ஆறுவம்."

"அப்ப இஞ்சை வாங்கோவன்."

 "அவர் என்ன சொல்லுவார்?" என்றார்.

"அவர்தான் போன வருஷமே கேட்டவர், ஏன் உங்களைக் கூப்பிடேல்லை எண்டு."

அது உண்மை.

ஏப்ரலில் வந்தார். பனி உருகி, தெருவோரமெல்லாம் கறுத்த கட்டிகளாகக் கிடந்த நாட்கள். எனக்கு வேலையில் விடுப்புக் கிடைக்காததால் கணவர்தான் விமான நிலையத்துக்குப் போனார். இருவரும் வீட்டுக்கு வரும்வரை வழியில் என்ன பேசினார்கள் என்று நான் பிறகு கணவரிடம் கேட்டேன். "மருத்துவமனை வேலை கஷ்டமோ எண்டு கேட்டவர். ஓம் எண்டன். பேந்து றோட்டிலை உள்ள குழியளைப் பற்றிக் கதைச்சனாங்கள்" என்றார். கணவர் அவரை "அத்தான்" என்று கூப்பிட்டார். அண்ணா அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடாமல், "நீங்கள்" என்று மட்டும் பேசிச் சமாளித்தார்.

என் அலுவலகத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். வெளியாட்களை மேலே விடமாட்டார்கள், வெளிவராத வேலைகள் திரைகளில் இருக்கும். அதனால் கீழே வரவேற்பறையில் உட்காரவைத்துக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். தயாரிப்பாளர் வெளியே போக இறங்கி வந்தார். இவர் என் அண்ணா, லண்டனில் நம்முடைய கேமை விற்றவர் என்றேன். தயாரிப்பாளர் கோட்டைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமாகக் கேம் செய்கிறேன், அதைக் கையால் எடுத்து வாங்குகிறவரிடம் கொடுத்த ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். என்ன சொல்லி விற்றீர்கள் என்று கேட்டார்.

அண்ணா யோசித்தார். "நீண்ட கதை, மெல்லத்தான் போகும், அவசரம் என்றால் பந்து இருக்கிறது, அதை எடுங்கள் என்று சொல்வேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பெரும்பாலும் இரண்டையும் எடுப்பார்கள்."

தயாரிப்பாளர் சிரித்துவிட்டு, எந்தப் பயணியின் கதை சனத்துக்குப் பிடித்தது, யாருடையது பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மேலே போய் வேலை பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தபோதும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். கேமைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண் கதையைப் பற்றிச் சொன்ன குறைகளை அண்ணா ஒன்றும் விடாமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கணவரும் மகளும் தேவாலயத்துப் பூசைக்குப் புறப்பட்டார்கள். நான் வழக்கமாகச் சமையலுக்கு வீட்டில் நிற்பேன். அண்ணா சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"நானும் வாறன். வீட்டிலை இருந்து என்ன செய்யிறது."

கணவர் என்னைப் பார்த்தார். நான் மரக்கறியை வெட்டிக்கொண்டிருந்தேன், தலையை மட்டும் ஆட்டினேன். திரும்பி வந்ததும் மகள் பிரெஞ்சும் தமிழுமாகக் கலந்து சொன்னாள்: மாமா கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார், எல்லோரும் எழும்ப அவரும் எழும்பினார், முடிய ஆட்களோடு தேத்தண்ணி குடித்தார். அங்கே திருகோணமலைக்காரர் ஒருவரைச் சந்தித்துப் பேசிக்கொண்டு நின்றதால்தான் வரச் சுணங்கியதாம்.

சாப்பாட்டு மேசையில் அண்ணா சோற்றைப் போட்டுக்கொண்டு கறிச் சட்டியைக் கணவர் பக்கம் நகர்த்தினார்.

"மச்சான், நீங்கள் முதல்லை போடுங்கோ."

கணவர் போட்டுக்கொண்டார். நான் தண்ணீர் எடுக்கப்போவதுபோலச் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அண்ணாவுக்கு இப்போது லண்டனில் ஒரு நூலகத்தில் வேலை. புத்தகங்களை அடுக்குகிறார். திங்கட்கிழமைப் பேச்சு நின்றுவிட்டது. நினைத்த நேரத்துக்கு எடுக்கிறார், சிலவேளை என்னை விட்டுக் கணவருக்கே எடுக்கிறார்.

சென்ற கோடையில் நாங்கள் மூவரும் லண்டனுக்குப் போனோம். கணவர் அம்மாவின் வீட்டில் தங்கியது அதுதான் முதல்தடவை. போன மறுநாள் பின்னேரம் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். வீடு அமைதியாக இருந்தது.

"எங்கை உன்ர மனுசன்?"

"கடைக்குப் போட்டார். அண்ணாவோடை."

"ரெண்டு பேருமோ?"

"ஓம் அம்மா. ரெண்டு பேரும்தான்."

அம்மா எண்ணெயில் கிடந்த வடைகளைப் புரட்டிப்போட்டார். "அப்ப இன்னும் கொஞ்சம் உழுந்து அரைக்கோணும்" என்றார்.